மூன்று வரித் திருத்தம்

யாம் தமிழிலக்கியம் பயில்வோம். கணினி நிரல் எமக்குரிய துறையன்று. ஆயினும், விடுதிப் பொதுக் கணினியில் மாணவர்தம் கட்டுரைகளை இரவுதோறும் வேறோரிடத்துப் படியெடுத்து வைக்கும் சிறு நிரலொன்றை எம் அறைத்தோழராகிய கணிதப் பிரிவு அண்ணனார் எழுதி, எம்மையும் அதில் ஈடுபடுத்தினர். அந்நிரல் கடவுச்சொல்லை ஒரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அக்கோப்பு யாவரும் வாசிக்கத்தக்கதாய்க் கிடந்தமை ஒருநாள் புலனாகவே, அவர் மூன்று வரியில் ஒரு திருத்தம் எழுதி, “தம்பி, நீ ஒருமுறை பார்த்துச் சொல்” என்றனர். யாம் பார்த்தோம் என்பதினும் கண்ணோட்டினோம் என்பதே மெய். “நன்று, அண்ணா” என்றும் கூறிவிட்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்த யூனிக்சின் வழிவந்த கணினிகளில், கோப்பின் உரிமையை மூன்று இலக்கங்களாற் குறிப்பர். முதலது உடையவர்க்கு, அடுத்தது குழுவினர்க்கு, இறுதியது ஏனையோர்க்கு. வாசித்தலுக்கு 4, எழுதலுக்கு 2, இயக்கலுக்கு 1; இவற்றின் கூட்டே ஒவ்வோர் இலக்கமும். ஆதலின் 600 எனின் உடையவர் மட்டுமே வாசிக்கவும் எழுதவும் கூடும். 644 எனின் ஏனையோரும் வாசிப்பர். தோழரின் திருத்தமோ, ‘600க்கு மேற்பட்டால் நின்றுவிடு’ என்றது. 644க்கு நிற்கும், 666க்கும் நிற்கும். 444 வந்தால்? அது 600இற் சிறியது. நிரல் தடையின்றிச் செல்லும். கோப்போ யாவர்க்கும் திறந்தே கிடக்கும். தவறி அழியாதிருக்க வேண்டுமென்று எவரேனும் அவ்வாறு அமைத்தல் அரிதுமன்று. மூன்று இலக்கங்கள் அடுத்தடுத்து நிற்றலால் அவற்றை ஒரே எண்ணெனக் கொண்டதே பிழை. (சந்தி பிரியாது பொருள்கொண்ட எம் முதலாண்டு விடைத்தாள் நினைவுக்கு வந்தது, அதனை ஈண்டு விரித்தல் வேண்டா.)

நன்றென்ற வாயால் அன்றென்பது எங்ஙனம்? அவரோ மூத்தவர், மறுநாள் தேர்வும் அவர்க்கு இருந்தது. யாம் எழுந்து, கோப்பை 444 ஆக்கி நிரலை ஓட்டிப் பார்த்தோம். அது சிறிதும் தயங்காது ஓடியது. உடனே அவரை எழுப்பினோம்.

“அண்ணா, நேற்று நான் சரியாய்ப் பார்க்கவில்லை.”

திரையைச் சிறிது நேரம் நோக்கியிருந்தவர், “பார்க்காமலா நன்று என்றாய்?” என்றனர். அவ்வளவே. பின்னர், இறுதி இரண்டு இலக்கங்களும் சுழியாய் இருந்தாலன்றிச் செல்லாதவாறு மாற்றினர். நிற்பின், நின்ற காரணத்தைச் சொல்லி நிற்க வேண்டுமென்று யாம் வற்புறுத்தினோம். வாளா நின்றுவிடின், கட்டுரைகள் பத்திரமாயுள்ளன என்றே மாணவர் நம்பியிருப்பரன்றோ? வீண் வரி என்று முதலில் மறுத்தவர், பின்னர் இசைந்தனர்.

பொழுது புலருமுன் கோப்பை 600 ஆக்கினோம். கடவுச்சொல்லையும் மாற்றினோம், பழையது எத்துணை நாள் திறந்து கிடந்ததென்று இருவர்க்கும் தெரியாது.