எட்டயபுரத்து வீடு

அன்புள்ள கயல்,

"பாரதிக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு நினைவில்லம், புதுச்சேரியில் ஒன்று, எட்டயபுரத்தில் ஒன்று. இதில் எது சித்தப்பா அவர் வீடு?" என்று கேட்டிருந்தாய். சென்னையிலும் புதுவையிலும் அவர் இருந்தது வாடகைக்கு. பிறந்த வீடு எட்டயபுரத்தில்தான். 1882 டிசம்பர் 11 அன்று பிறந்தார். ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாளை இழந்தார். அப்பா சின்னசாமி ஐயர் அந்தக் கரிசல் மண்ணின் பருத்தியை நம்பி ஆலை வைத்தார், அது நொடித்துப்போனது. 1898இல் அவரும் போய்விட, பையன் காசிக்குப் போனான். அரண்மனைப் புலவர்கள் முன்னால் 'பாரதி' பட்டம் வாங்கிய ஊர், அவனை வைத்துக்கொள்ளவில்லை.

1921இல் அவர் இறந்த பிறகு நடந்ததைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டயபுரத்தில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று கல்கி தன் பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். அரசாங்க கஜானாவை எதிர்பார்க்காமல், படித்தவர்களும் பாடியவர்களும் கொடுத்த காசில் மணிமண்டபம் எழுந்தது. 1945இல் அடிக்கல் நாட்டிய ராஜாஜியே 1947 அக்டோபரில் வந்து திறந்துவைத்தார்; அப்போது அவர் மேற்கு வங்க ஆளுநர். நாடு விடுதலையாகி இரண்டு மாதம்கூட நிறையவில்லை. விடுதலை வருமுன்பே அதைப் பாடிவிட்டுப் போனவருக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்த்திருக்காது.

அடுத்தது பாட்டு. இசைத்தட்டிலும் படத்திலும் அவர் பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை அப்போது ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. நீ டொராண்டோவில் மேடையேறி யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் பாட்டைப் பாடுகிறாயே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வீட்டின் முறை கடைசியில்தான் வந்தது. 1973இல் அரசு அதை நினைவில்லமாக்கியது. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கவிஞனுக்கு முதலில் காக்க வேண்டியது சொல்லை, பிறகுதான் சுவரை. அதற்காகச் சுவரைக் கைவிடலாம் என்றில்லை. 2025 மார்ச்சில் மாடியின் மேற்கூரை இடிந்து விழுந்தது என்ற செய்தியைப் படித்தபோது வயிறு கலங்கிப்போனது. பழைய காரைக் கட்டடத்தை ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்துப் பழுது நீக்க வேண்டும். விழுந்தபின் எடுத்துக் கட்டினால், அது அவர் பிறந்த வீட்டைப் போன்ற இன்னொரு வீடாகிவிடும்.

அதே ஊரில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடமும் இருக்கின்றன. விடுமுறைக்கு வரும்போது கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கு. அங்கிருந்து பஸ் உண்டு. வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதே, மணிமண்டபத்துக்கும் கட்டாயம் போ.

அன்புடன்,
சித்தப்பா