அந்த ரெண்டு வாரம் மாங்காட்டுக்குப் போனது யார்?

போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கிற சண்டை இது. நான் தூக்கிப் போடச் சொல்வதையெல்லாம் அம்மா பத்திரப்படுத்துவார். நான் பத்திரமாக வைத்திருப்பதையெல்லாம் எடைக்குப் போடப் பார்ப்பார். இந்த முறை பரணிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டிக்குள், பிளஸ் டூ கெமிஸ்ட்ரி கைடுக்கும் பழைய ரெக்கார்டு நோட்டுக்கும் நடுவில் அது கிடந்தது. 2016-ம் வருஷத்து டைரி. எல்.ஐ.சி ஏஜென்ட் ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்து, அப்பா எனக்குக் கொடுத்தது.

அட்டையின் உள்பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு மிரட்டல்: 'இதைப் படிக்கிறவங்களுக்குக் கண்ணு அவிஞ்சிடும்.'

அப்போது எனக்கு 17 வயது. கரையான்சாவடியில் மெட்ரோ தூண்கள் முளைக்காத காலம். டிரங்க் ரோட்டில் நின்றால் வானம் தெரியும். இப்போது தலைக்கு மேல் ஸ்டேஷனே வந்துவிட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை வரும் 26.1 கிலோமீட்டர் பாதையில் எங்கள் ஊர் பெயரிலும் ஒரு ஸ்டேஷன். பூந்தமல்லி பக்கம் டிரைவர் இல்லாத ரயிலை ஓட்டிப் பார்த்த செய்தியை 2025 மார்ச்சில் நான்தான் எங்கள் டெஸ்க்கில் டைப் செய்தேன். 17 வயசுக்காரிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுடைய உலகம் ஷேர் ஆட்டோவில் டியூஷன் போய், திரும்பும்போது சிக்னல் பக்கம் பானிபூரி சாப்பிட்டு, அதை வீட்டில் மறைப்பது.

வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதல் ஐம்பது பக்கத்துக்குச் சிரிப்புதான். 'எனக்குப் பிடிச்சது, பிடிக்காதது' என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். பிடிச்சது: ஏ.ஆர்.ரஹ்மான், மழை நாள் லீவு, சித்தி செய்யும் வத்தக்குழம்பு. பிடிக்காதது: அனிருத் (அடுத்த மாதமே இதை அடித்துவிட்டு மேலே சேர்த்திருக்கிறேன்), கோவைக்காய், 'நல்லா படிக்கிறியா' என்று கேட்கிற எல்லோரும். ஜூலை 22, 'கபாலி' வந்த வெள்ளிக்கிழமை, வகுப்பில் பாதிப் பேர் இல்லை. நான் இருந்தேன். அதற்காக அப்பாவை இரண்டு பக்கத்துக்குத் திட்டியிருக்கிறேன். செப்டம்பரில் ஜியோ வந்ததும் ஒரு வாரம் டைரியே காலி.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் லேத் வேலை பார்த்தார். சனிக்கிழமை சம்பளம். நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, அவருக்குச் சம்பளம் முழுவதும் பழைய 500 ரூபாய் நோட்டாகவே கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரம் பள்ளியில் டூர் போகப் பணம் கட்டச் சொன்னார்கள். 'அப்பா கஞ்சன். கேட்டா பேங்க் க்யூவுல நிக்கணும்னு சாக்கு சொல்றாரு.' இதை இப்போது படிக்கும்போது டைரியைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

அதற்கு அடுத்த நாள்தான் மாங்காடு ஆரம்பிக்கிறது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலில் ஆறு வாரம் வேண்டிக்கொள்கிற வழக்கம் உண்டு. எந்தக் கிழமையில் தொடங்குகிறோமோ அதே கிழமையில் எலுமிச்சம்பழத்தோடு போக வேண்டும். அர்ச்சனை முடிந்ததும் ஒரு பழத்தைக் கையில் தருவார்கள். கல்யாணம், குழந்தை, வேலை, மார்க், எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. ஸ்லாம் புக்கில் எல்லோரும் எழுதுவதுபோல நானும் 'லட்சியம்: டாக்டர்' என்று எழுதியிருந்தேன். அதனால் எனக்கும் ஆறு வாரம். நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை முதல் வாரம். குமணன்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் தனியாகப் போனேன்.

இரண்டாவது வாரம் இப்படி எழுதியிருக்கிறேன்: 'அம்மன் நெருப்புக்கு நடுவுல ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்ணுச்சாம். அவங்களுக்கே அவ்ளோ கஷ்டம். இதுல என் பயாலஜி மார்க்கை எப்படிக் கேக்குறது?'

டிசம்பர் 4, நான்காவது வாரம். அன்று மாலை ஜெயலலிதாவுக்கு மாரடைப்பு என்று டி.வி-யில் செய்தி. மறுநாள் இரவு இறந்துவிட்டார். பள்ளிகளுக்கு மூன்று நாள் லீவு. எங்கள் வீட்டில் யாரும் கட்சிக்காரர்கள் இல்லை, ஆனால் அம்மா அழுதார். செப்டம்பர் 22-ல் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பால்குடம், மண்சோறு, யாகம் என்று ஊரே வேண்டியது. அதைத்தான் பிடித்துக்கொண்டேன். டிசம்பர் 11-ம் தேதி பக்கத்தில் பெரிய எழுத்தில்: 'இத்தனை லட்சம் பேர் வேண்டியே நடக்கல. என் எலுமிச்சம்பழம் என்ன பண்ணப் போகுது? சாமி கிடையாது. இன்னிக்கு நான் போகல.'

மறுநாள் வர்தா புயல் வந்தது.

நிஜமாகவே மறுநாள்தான். பக்கம் முழுக்கக் கிறுக்கல். எதிர்வீட்டு முருங்கை விழுந்தது, தகரக் கூரை பறந்தது, எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் பொடி எழுத்தில், 'நேத்து எழுதினதுக்கா?' அதற்கும் கீழே, 'இருக்காது.'

இதுவரை சிரித்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் அந்த டிசம்பர் பக்கங்களில் நான் மறந்தே போயிருந்த வரிகள் இருந்தன. 'பசிக்கல.' 'தூக்கம் வரல.' 'காலைல எழுந்திருக்கவே பிடிக்கல. எதுக்கு எழுந்திருக்கணும்னு தெரியல.' ஒரு பக்கத்தில் இல்லை, ஏழெட்டுப் பக்கத்தில். நடுவில் அம்மாவைப் பற்றி ஒரு புகார்: 'கரன்ட் இல்லன்னு சொல்லி அம்மா என் ரூம்ல வந்து படுக்குறாங்க. கரன்ட் வந்த அப்புறமும் போகல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா, உக்காந்து என்னையே பாக்குறாங்க. கடுப்பா இருக்கு.'

பூஜை அறைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

"ம்மா, பிளஸ் டூ-ல நான் மாங்காட்டுக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா? பாதியிலயே விட்டுட்டேன் தெரியுமா?"

"தெரியுமே" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "ரெண்டு வாரம் பாக்கி இருந்துச்சு. நான் போய் முடிச்சேன்."

"என்னது?"

"புயலுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. ரெண்டாவது தடவை ரோடு பூரா மரம் விழுந்து கிடந்துச்சு. பாதி தூரம் நடந்தே போனேன். மார்க்கெட்டுக்குப் போறேன்னு உன்கிட்ட சொன்னேன்."

எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. பத்து வருஷம் ஆகப்போகிறது, இருந்தாலும். "அப்ப என் டைரியைப் படிச்சியா நீ?"

"படிச்சேன். சாப்பிட மாட்டேங்குற, தூங்க மாட்டேங்குற, கேட்டா மூஞ்சைக் காட்டுற. வேற என்ன பண்ணச் சொல்ற?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்தவர் டைரியைப் படிப்பது தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன். அம்மாவிடம் அதைச் சொன்னேன். "தப்புதான்" என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

எங்கள் பேட்ச் ஒரு வகையில் மாட்டிக்கொண்ட பேட்ச். பிளஸ் டூ மார்க்தான் எல்லாம் என்று வருஷம் முழுக்கப் படித்தோம். முடிக்கும்போது நீட் வந்து நின்றது. என்னை விடுங்கள், நான் எடுத்த மார்க்குக்குப் பழைய முறையிலும் சீட் கிடைத்திருக்காது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 1200-க்கு 1176. மருத்துவ கட்-ஆஃப் 196.75. 2017 செப்டம்பர் 1-ல் அவரை இழந்தோம். அன்றைக்கும் அம்மா என் ரூமில்தான் படுத்தார். அப்போது நான் ஜர்னலிசம் டிப்ளமோவில் சேர்ந்திருந்தேன். எதற்கு வந்து படுக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது ஒவ்வொரு மே மாதமும் ரிசல்ட் செய்தி போடும்போது, அடியில் 104, 14416 என்ற உதவி எண்களைச் சேர்ப்பது என் வேலை. டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். அந்த வரி எனக்கும் ஒருகாலத்தில் தேவைப்பட்டிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"சரி, அந்த ரெண்டு வாரம் என்ன வேண்டிக்கிட்ட? மார்க்குக்கா?"

"மார்க்கா?" அம்மா முதல்முறையாக நிமிர்ந்தார். "இவ ராத்திரி தூங்கினா போதும்னு வேண்டிக்கிட்டேன்."

ஜனவரி தேதிகள் அந்த டைரியில் கிடையாது. கடைசியில் 'குறிப்பு' என்று விட்டிருந்த பக்கங்களில் எழுதியிருக்கிறேன். மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அனுப்பவில்லை என்று அப்பா மேல் மறுபடியும் கோபம். தோழி வீட்டிலிருந்து வந்த சர்க்கரைப் பொங்கல். அதற்கு முன்னால் ஒரு வரி, எந்தத் தேதி என்று போடவில்லை: 'நேத்து நல்லா தூங்கினேன்.'

எனக்கு இன்னும் சாமி நம்பிக்கை கிடையாது. அந்த வரியை அம்மாவிடம் காட்டவும் இல்லை. காட்டினால் அடுத்த ஞாயிறே மாங்காட்டுக்குக் கிளப்பிவிடுவார்.

"படிச்சா கண்ணு அவிஞ்சிடும்னு எழுதியிருந்தேனே, அதைப் பாக்கலையா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாத்தேன். ரெண்டு மாசத்துல கண்ணாடி போட்டாங்க" என்றார்.

போகியன்று தெருவில் பழைய பாயும் துடைப்பமும் எரிந்தன. டைரி போகவில்லை. அம்மா அதை பீரோவில், நகை டப்பாவுக்குக் கீழே வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவரிடம்தான் இருக்கிறது.