ஒன்பதாவது படம்

2013ஆம் ஆண்டு வைகாசி மாதம். திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மல்லாந்து கிடந்த மண் துரியோதனனின் கால்மாட்டில் நாங்கள் மூவர் நின்றுகொண்டிருந்தோம். இரவு முழுதும் பதினெட்டாம் போர்க் கூத்துப் பார்த்த கண்கள் எரிந்தன. திரௌபதி அம்மன் திருவிழாவின் இறுதி நாள் அது. பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக நடந்த விழா படுகளத்தில் வந்து முடிய வேண்டும். களிமண்ணால் ஆன அப்பேருருவைச் சுற்றிலும் அதன் மேலுமாக வேடமிட்ட துரியோதனன் ஓடுவான், பீமன் துரத்துவான். கடைசியில் மண் தொடையில் கதை இறங்கும். உள்ளே பொதிந்து வைத்த செந்நீர் வெளிப்படும். அதன் பிறகுதான் திரௌபதியின் விரிந்த கூந்தல் முடியப்படும்.

அன்று துரியோதனன் வேடமிட்டவர் அந்த ஜமாவின் வாத்தியார். எழுபதை நெருங்கிய வயது. 'இந்த வருஷத்தோட கட்டை கட்டறத நிறுத்திக்கலாம்னு இருக்கேன் சார்' என்று முன்னிரவில் அரிதாரம் பூசிக்கொண்டே சொல்லியிருந்தார். அவருடைய படுகளத்தைப் படமாக்கி வைக்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் தமிழ்த்துறையிலிருந்து போயிருந்தோம். கேமரா புதியது, துறைக்குக் கிடைத்த ஆய்வுத் தொகையில் வாங்கியது. அதனுள் இருந்த மெமரி கார்டு கடைக்காரர் கேமராவோடு இனாமாகக் கொடுத்தது. அதைப் பற்றி நாங்கள் எவரும் ஒரு கணமும் யோசித்திருக்கவில்லை.

துரியோதனன் மண்ணுருவின் மார்பின் மேல் ஏறினார். எங்களுள் இளையவர் பொத்தானை அழுத்தினார். படபடவென்று எட்டுப் படங்கள். பீமன் கதையை ஓங்கினான். பொத்தான் அழுந்தியது, கேமரா அசையவில்லை. பின்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. 'என்னாச்சு, என்னாச்சு' என்று நாங்கள் பதறிய நேரத்தில் கதை இறங்கிவிட்டது. கூட்டம் கூவியது. கேமரா மீண்டும் கண் திறந்தபோது வாத்தியார் தரையில் விழுந்து கிடந்தார். இரண்டு பேர் அவர்மேல் துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள். அதுதான் எங்களுடைய ஒன்பதாவது படம்.

வேடம் கலைத்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'அடி விழுந்தது வந்துச்சா சார்?' 'வந்திருக்கும் வாத்தியாரே, ஊருக்குப் போய்ப் பெரிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்' என்றோம். அடுத்த ஆண்டு பொங்கலுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். சொன்ன பொய்யைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டவில்லை.

குற்றவாளி கேமராவா, அட்டையா, நாங்களா என்று துறை அறையில் பல மாதங்கள் விசாரணை நடந்தது. அப்போது கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறோம். இலக்கிய நண்பர்களுக்கு இது அந்நியமான விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் கல்வெட்டு, சுவடி, கூத்து, பழைய சிற்றிதழ்கள் என்று ஏதேனும் ஒன்றைப் படமெடுக்கக் கேமராவோடு அலைகிறவர்கள் நம்மிடையே குறைவல்லர்.

கேமரா எடுக்கும் படம் நேராக அட்டைக்குப் போவதில்லை. முதலில் பஃபர் என்னும் இடைநினைவகத்தில் தங்கி, அங்கிருந்து அட்டையில் எழுதப்படுகிறது. களத்து மேட்டில் நெல் குவிந்துகொண்டே இருக்க, குதிருக்குள் ஒருவர் மரக்கால் மரக்காலாக அள்ளிப் போடுவது போல. நாங்கள் எடுத்தது 'ரா' வகைப் படம். ஒன்று ஏறத்தாழ 28 எம்பி. நொடிக்கு ஐந்து படமென்றால் 140 எம்பி. இடைநினைவகமோ எட்டுப் படங்களில் நிறைந்துவிடும். எங்கள் இனாம் அட்டையின் மேல் ஒரு வட்டமும் அதனுள் 4 என்ற எண்ணும் இருந்தன. நொடிக்கு 4 எம்பிக்குக் குறையாமல் எழுதுவேன் என்பதே அந்த நான்கின் பொருள். அளந்து பார்த்தபோது பாவம், அது ஆறு வரை எழுதியது! அப்படியும் ஒரு படத்தை எழுதி முடிக்க ஐந்து நொடி. எட்டையும் எழுதி முடிக்க முப்பத்தேழு நொடி. பீமனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பதற்றத்தில் செய்த அடுத்த பிழை இதைவிடப் பெரிது. 2014இல், வேகமான அட்டை என்று கேட்டு ஒரு கடையில் 64 ஜிபி அட்டை ஒன்றை வாங்கினோம். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர், பளபளக்கும் எழுத்து, பாதி விலை. நல்ல வேளையாக அதைக் கூத்துக்குக் கொண்டுபோகாமல் கல்லூரி ஆண்டு விழாவில் சோதித்தோம். முதல் எட்டு ஜிபி அளவுக்குப் படங்கள் சரியாக இருந்தன. அதற்கு மேல் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன, திறந்தால் ஒன்றுமில்லை. சிறிய கொள்ளளவுள்ள சில்லை உள்ளே வைத்து, 'நான் 64' என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்படுத்தியை மாற்றி எழுதிவிடுகிறார்கள். கேமராவும் கணினியும் அதை அப்படியே நம்பிவிடுகின்றன. அன்றிலிருந்து எந்த அட்டை வாங்கினாலும் அதை முழுவதுமாக நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்த பின்பே பையில் போடுகிறோம். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இதற்கென்றே இலவச மென்பொருள்கள் உள்ளன. ஒரு மாலைப் பொழுது வீணாகும், அவ்வளவுதான்.

இனி அட்டையின் மேலுள்ள எழுத்துகளுக்கு வருவோம். ஆசிரியப்பாவை அலகிட்டுப் பழகிய எங்களுக்கும் இந்தச் சிறு சதுரத்தை அலகிட ஒரு வாரம் ஆயிற்று. மிகப் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். அதாவது அட்டையிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றும்போது கிடைப்பது. எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. அது சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. (படிப்பதைக் காட்டிலும் எழுதுவது மெதுவாகத்தான் நடக்கும் என்பது எங்களுக்குப் புதிய செய்தியன்று, துறையில் முடிக்கப்படாத ஆய்வேடுகளே சாட்சி.) சில அட்டைகளில் 633 எக்ஸ் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். ஒரு எக்ஸ் என்பது பழைய குறுந்தகட்டின் வேகமான நொடிக்கு 150 கேபி. பெருக்கிப் பார்த்தால் 95 எம்பி வரும்.

கவனிக்க வேண்டியவை உறுதிக் குறிகள். வட்டத்துக்குள் 10 என்றால் குறைந்தது 10 எம்பி. யு என்னும் எழுத்துக்குள் 3 என்றால் 30. 2016இல் காணொளிக்கென்று வந்த வி30, வி60, வி90 குறிகளும் இவ்வாறே தத்தம் எண்ணைக் கீழெல்லையாகச் சொல்கின்றன. உச்ச வேகத்தைச் சொல்லும் எண்ணைவிட, இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று சொல்லும் எண்ணையே நாங்கள் நம்புகிறோம்.

ஒரு கட்டத்தில் ஆசை மீறியது. யுஎச்எஸ் இரண்டாம் வகை அட்டை நொடிக்கு 312 எம்பி வரை கடத்த வல்லது என்று அறிந்ததும், விலையைப் பாராமல் அதையே வாங்கிவிடலாம் என்றார் எங்களுள் மூத்தவர். இளையவர் அந்த அட்டையின் படத்தைத் திருப்பிக் காட்டினார். பின்புறம் உலோகத் தொடுமுனைகள் இரண்டு வரிசை. எங்கள் கேமராவின் பொந்திலோ ஒரு வரிசைக்குத்தான் இடம். பொருத்தினால் வேலை செய்யும். ஆனால் முதல் வகையின் வேகத்தில்தான். அதன் எல்லை 104 எம்பி. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கி, பழைய பாதையிலேயே நடக்கவிட வேண்டும். முதல் வகை அட்டைகளிலேயே 170 என்று போட்டு வருவனவற்றுக்கும் இது பொருந்தும். அந்த வேகம் அதற்குரிய கார்டு ரீடரில்தான் கிட்டும்; அதை அறியாத கேமராவில் கிட்டாது.

ஃபிளாஷ் என்னும் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகை நினைவகத்தை 1980களில் தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கியவர் ஃபுஜியோ மசுவோகா. ஒரு தொகுதி முழுவதையும் ஒரே அடியில் அழித்துவிடும் அதன் இயல்பு கேமராவின் மின்னொளியை நினைவூட்டியதால், உடன் பணியாற்றியவர் ஒருவர் இந்தப் பெயரைச் சொன்னதாகக் கூறுவர். நினைவுக்கென்று செய்த பொருளுக்கு அது அழிக்கும் விதத்தை வைத்துப் பெயர் அமைந்துவிட்டது.

2016இல் மீண்டும் அதே ஊருக்குப் போனோம். இம்முறை கையில் 32 ஜிபி அட்டைகள் இரண்டு, முதல் வகை, யு3. ஒரே 64 வாங்கியிருக்கலாம். ஒன்று பழுதானால் பாதியாவது மிஞ்சட்டும் என்பது மூத்தவரின் கட்சி. அவர் சொன்னதற்குக் கட்டுப்பட்டோம். கல்லூரி மைதானத்தில் ஓடும் பையன்களை வைத்து ஒத்திகை பார்த்திருந்தோம். அட்டை உண்மையில் நொடிக்கு 70 எம்பி எழுதியது. தொடர்ந்து அழுத்தினால் பதினாறு படம் வரை தடையில்லை. அதன் பிறகும் நொடிக்கு இரண்டுக்குக் குறையாமல் வந்தது. சாதாரண ஜேபெக் வகையில் எடுத்தால் இன்னும் நிறைய எடுக்கலாம் என்றார் இளையவர். முகத்தில் செந்நிற அரிதாரம், மேலே கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடம், பக்கவாட்டில் ஏறும் வெயில். அந்த ஒளியைப் பின்னர் சரிசெய்ய 'ரா' வேண்டும் என்று மற்ற இருவரும் பிடிவாதம் பிடித்தோம்.

வேகமான அட்டை எல்லாருக்கும் வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சுவடிகளை மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் படமெடுத்த ஆறு மாதமும் அந்தப் பழைய நான்காம் வகுப்பு அட்டை ஒரு குறையும் வைக்கவில்லை. ஓலை ஓடிப் போவதில்லை.

அவ்வாண்டு துரியோதனன் கட்டியவர் வாத்தியாரின் மகன். தந்தையின் புஜக்கட்டைகளையே அணிந்திருந்தார். இம்முறை பீமன் கதையை ஓங்கும் வரை இளையவர் பொத்தானைத் தொடவில்லை. ஓங்கியது முதல் செந்நீர் வெளிப்பட்டது வரை பதினான்கு படங்கள். ஏழாவதில் கதை மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. களிமண் சிதறல் காற்றில் நிற்கிறது.

படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனோம். 2013இல் எடுத்த எட்டையும் ஒன்பதாவதையும் சேர்த்தே எடுத்துப் போயிருந்தோம். அடி விழுந்த படம் அன்று வரவில்லை என்பதை அவருடைய மனைவியிடம் ஒப்புக்கொண்டோம். அவர் அதைக் கேட்டுக்கொண்டாரா என்பதே தெரியவில்லை. மகனின் படங்களை ஒருமுறை புரட்டிவிட்டுப் பக்கத்தில் வைத்தார். பழைய எட்டில் மூன்றாவதைக் கையில் எடுத்தார். துரியோதனன் மண் மார்பின்மேல் ஒரு காலை ஊன்றி, சரிந்த கிரீடத்தை இடக்கையால் நிமிர்த்திக்கொள்ளும் படம். நாங்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. 'எப்பவும் இப்படித்தான், கிரீடத்தைச் சரியாக் கட்டிக்கவே தெரியாது' என்றார். பிறகு, அதைப் பெரிதாக்கி இரண்டு பிரதிகள் வேண்டும் என்றார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஜமாவின் வேடப்பெட்டிக்குள் வைக்க.