நோவும் மனமும்

என் தாயாருக்கு நாரி நோ தொடங்கி ஆறு ஆண்டுகளாகின்றன. விடியுமுன் எழுந்து, எமது ஊர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் துண்டெடுத்துக் காத்திருப்பார். உள்ளே சென்றால் இரண்டு நிமிடங்களில் அதே மாத்திரைகளுடன் திரும்புவார். எக்ஸ்ரே படத்தில் எலும்பிற் குறையேதும் தென்படவில்லை. ஈற்றில் ஒருநாள் வைத்தியர், "அம்மா, உடம்பிலை ஒண்டுமில்லை, மனநோய்க் கிளினிக்கிலை ஒருக்காக் காட்டுங்கோ" என்று கடிதமொன்றை எழுதிக் கொடுத்தார். அக்கடிதம் இன்றும் அரிசிப் பேணியின் அடியிற் கிடக்கின்றது.

"அப்ப நான் நடிக்கிறனோ, தம்பி?" என்று அன்றிரவு அவர் கேட்டார். "சும்மா யோசியாதேங்கோ" என்றேன். அதுவும் வைத்தியர் சொன்னதற்கு ஒப்பானதே என்பது பின்னரே எனக்கு உறைத்தது.

வைத்தியர் முற்றிலும் பிழையாகச் சொன்னார் என்று கூறுவதற்கில்லை. முண்ணாணில் நோவின் செய்தியைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல ஒரு 'வாயில்' உண்டு என்றும், மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் அவ்வாயிலை இயக்குகின்றன என்றும் மெல்சாக், வோல் என்னும் இருவர் 1965 இல் எடுத்துரைத்தனர். அக்கொள்கை பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளாயிற்று. எனினும் அச்சமும் கவலையும் நோவைப் பெருக்கும் என்பது நிலைத்துவிட்டது. பெருக்கப்பட்ட நோ பொய்யான நோ அன்று. இவ்வொரு வாக்கியத்தைச் சொல்லத்தான் அங்கு எவருக்கும் நேரமிருக்கவில்லை.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவில், அசைந்தால் கேடு வரும் என்று அஞ்சி மனிதர் படுத்துவிடுகின்றனர், தசை தளர்கின்றது, நோ கூடுகின்றது. அச்சத்தைப் பேசித் தெளிவித்து, நாளுக்குச் சில அடிகளாக நடையைக் கூட்டுவிப்பது உளச்சிகிச்சையின் ஒரு பகுதி. வேறு காரணம் புலப்படாத நாட்பட்ட நோவுக்குப் பரசிற்றமோலைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும், உடற்பயிற்சியையும் இத்தகைய உளச்சிகிச்சையையும் கருத்திற் கொள்ளலாம் என்றும் இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி 2021 இல் கூறியது. என் தாயார் ஆறு ஆண்டுகளாக விழுங்கிவருவதோ பனடோல்!

ஆயின் இச்சிகிச்சை எங்கே இருத்தல் வேண்டும்? வேறொரு கட்டடத்திற்கு, வேறொரு பெயர்ப்பலகையின் கீழ் அனுப்பும்போதே, 'உன் நோ மெய்யன்று' என்ற தீர்ப்பும் உடன் செல்கின்றது. நோவுக்குச் செல்லும் அதே பிரிவில், அதே நாளில், பயிற்சி பெற்ற தாதியொருவர் அரைமணி நேரம் அமர்ந்து பேசினால் அத்தீர்ப்புக்கு இடமில்லை. ஆளும் நேரமும் ஒதுக்காது பெயருக்குச் சேர்ப்பின், அதுவும் இன்னொரு துண்டாகவே முடியும் என்ற ஐயமும் எனக்குண்டு.

சென்ற விடுமுறையில் இவற்றை என் தாயாருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டபின், அந்தக் கிளினிக் எந்த நாளில் என்று வினவினார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், இரண்டு பஸ் மாறவேண்டும். அவ்வளவு நேரம் இருந்து செல்ல அவருடைய நாரி இடந்தராது.