ஒரு தாச்சி சொசேஜும் உருளைக்கிழங்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. சமையல் முறை மட்டும் வேணும் என்கிறவங்க கீழே போகலாம்.

போன கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு "டீச்சர், இது டெவலா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. டெவல் இல்லை. டெவலுக்கு சோஸ் வேணும், சீனி வேணும், கிழங்கைத் தனியாகப் பொரிச்சு எடுக்க வேணும். இது ஒரே தாச்சியில், அரை மணித்தியாலத்தில் முடிகிற ராச்சாப்பாடு. கழுவுவதற்கும் ஒரு தாச்சிதான். வேலைக்குப் போய் வருகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதை நான் சமைக்கத் தொடங்கினது தேற்றாத்தீவில், 2022ஆம் ஆண்டு.

எனக்கு ஊர் காத்தான்குடி. தேற்றாத்தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கல்முனை பஸ்ஸில் ஏறினால் ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் தாண்டிப் போய் இறங்க வேணும். 2021ஆம் ஆண்டு நடந்திருக்க வேண்டிய சாதாரண தரப் பரீட்சை, 2022 மே 23ஆம் திகதிதான் தொடங்கியது. கொரோனாவில் பாதிப் படிப்பு போன பிள்ளைகள். பின்னேர வகுப்பு வைக்காமல் விட மனம் வரவில்லை. ஆனால் டீசல் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்ப பஸ் வருமா, வராதா என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கணக்கு டீச்சருக்கு அந்த ஊர்தான். "சோதின முடியும் மட்டும் எங்கட வீட்டயே நில்லுங்க டீச்சர். ரோட்டுல நிண்டு என்ன செய்யப் போறீங்க?" என்றாங்க. நின்றேன்.

அந்த நாட்களை மறந்தவங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபா ஆகியிருந்தது. காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாலும் சிலிண்டர் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாததால் தோணிகள் கடலுக்குப் போகவில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஊர். ஆனால் சட்டியில் போட மீன் இல்லை. கரண்ட் மணிக்கணக்கில் போகும். எனவே ஃப்ரிட்ஜில் எதையும் நம்பி வைக்க முடியாது. அன்றைக்கு வாங்கினதை அன்றைக்கே சமைக்க வேணும்.

ஒரு நாள் களுவாஞ்சிகுடியில் ஒரு கடையில் கிடைத்தது ஒரு பக்கட் சிக்கன் சொசேஜ். எட்டுத் துண்டு. சாப்பிட ஐந்து பேர்: நான், டீச்சர், அவங்கட அம்மா, இரண்டு பிள்ளைகள். எட்டை ஐந்தால் வகுக்கிற கணக்கைக் கணக்கு டீச்சரே "சரிவராது" என்றாங்க. முக்கால் கிலோ உருளைக்கிழங்குதான் அந்தக் கணக்கைச் சரிசெய்தது.

வீட்டுப் பின்பக்கம் விறகடுப்பு. சிரட்டையும் தென்னம்மட்டையும். சமைக்கப் போனபோது டீச்சர் அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு புதுத் தாச்சியை எடுத்து வந்தாங்க. பெட்டியோடு இருந்தது, ஆரோ கலியாணத்துக்குக் கொடுத்தது. "இதுல இன்னும் ஒண்டும் சமைக்கல்ல டீச்சர். நீங்க மனம் கோணாமச் சமைங்க" என்றாங்க. கழுவிப் பாவிக்க மார்க்கத்தில் இடமிருக்கு என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு இடமிருக்கும். எனக்கு மனசு கேக்காது" என்று சொல்லிவிட்டுத் தாச்சியை அடுப்பில் வைத்தாங்க.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

மீனை வாங்கும்போது கண்ணைப் பார்க்கலாம், செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். சொசேஜில் பார்க்க ஒன்றும் இல்லை. இறைச்சியை அரைத்து, கொழுப்பு, மா, உப்பு, மசாலா சேர்த்து, ஓர் உறைக்குள் அடைத்து, அவித்து வருகிற சாமான். உள்ளே என்ன இருக்கு என்பதற்கு யாரோ ஒருவருடைய சொல்லைத்தான் நம்ப வேணும்.

எனக்கு அந்தச் சொல் ஹலால் முத்திரை. அதற்கு எதிராக இந்த நாட்டில் நடந்த பிரச்சாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2013 மார்ச்சில், உள்நாட்டுப் பொருட்களில் அந்த இலச்சினையை விட்டுக்கொடுக்க ஜம்இய்யத்துல் உலமா இணங்கியது. பிறகு அத்தாட்சி கொடுக்கும் பொறுப்பு வேறோர் அமைப்புக்குப் போனது. ஆனாலும் பக்கட்டைத் திருப்பினால் நான் தேட ஒரு அடையாளம் இருக்கு.

கணக்கு டீச்சர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாங்க. அவங்களுக்குத் தேட ஒரு முத்திரையும் இல்லை. "சிக்கன் எண்டுதானே போட்டிருக்கு" என்று நாம் சொல்லிவிடுவோம். உள்ளே கோழிதான். உறை? நிறையச் சொசேஜ்களின் உறை கொலாஜனில் செய்வது. கொலாஜன் என்பது தோலிலும் எலும்பிலும் இருக்கிற ஒரு புரதம். உறை செய்கிற கொலாஜன் பெரும்பாலும் மாட்டுத் தோலில் இருந்து எடுப்பது. பன்றித் தோலில் இருந்து எடுப்பதும் உண்டு. இன்னொரு வகை செலுலோஸ் உறை. அது தாவர நார். அதற்குள் இறைச்சியை அடைத்து அவித்த பிறகு, தொழிற்சாலையிலேயே உரித்து எடுத்துவிடுவாங்க. "ஸ்கின்லெஸ்" என்று வருவது பொதுவாக இந்த வகை. ஹலால் முத்திரை இருந்தால் முறைப்படி அறுத்த மாட்டின் கொலாஜன் எனக்குப் பிரச்சினை இல்லை. டீச்சருக்கு அது பிரச்சினை. என் முத்திரை அவங்களைக் காப்பாற்றாது.

அதனால்தான் அன்றைக்குக் கடையில் நின்று பக்கட்டின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை எல்லாம் வாசித்துவிட்டு, உறை இல்லாததாகப் பார்த்து எடுத்தேன். வீட்டில் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். டீச்சர் பாதியில் நிறுத்திட்டாங்க. "நீங்க பாத்துத்தானே எடுத்த? அது காணும்."

அந்த "காணும்" என்கிற சொல்லின் பெறுமதி தெரியவேணும் என்றால் அம்பாறையை நினைத்துப் பாருங்க. 2018 பெப்ரவரி கடைசியில், ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலந்திருக்கு என்று ஒரு கதை கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்துச் சொன்னது: அது வெறும் மாக்கட்டி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் கடைகளில் சாப்பிடவே பயந்தவங்களும் இருந்தாங்க. இந்தக் கல்முனை வீதியில் 90ஆம் ஆண்டு நடந்தவை இரண்டு பக்கத்துக்கும் தெரியும்; அதை நான் இங்கே எழுத வரவில்லை. இவ்வளவுக்கும் பிறகு ஒரு தமிழ் வீட்டு அடுப்பில், உள்ளே என்ன இருக்கு என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சாமானை நான் சமைக்கிறேன். அந்த வீட்டு அம்மா, பிள்ளைகள் எல்லாரும் கேள்வி இல்லாமல் சாப்பிடுகிறாங்க. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

சரி, சமையலுக்கு வருவோம். ஐந்து பேருக்கு:

உருளைக்கிழங்கு முக்கால் கிலோ, சொசேஜ் எட்டு, பெரிய வெங்காயம் இரண்டு, கறிமிளகாய் மூன்று, உள்ளி ஐந்தாறு பல்லு, கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாய் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள், தேங்காயெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, பாதித் தேசிக்காய்.

கிழங்கைத் தோலோடு நல்லாகக் கழுவி, பெருவிரல் நுனி அளவுக்குத் துண்டு போடுங்க. பச்சை பிடித்த இடம், முளை இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்க. பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டு வைத்தால் மேலே இருக்கிற மாப்பொருள் கழன்றுவிடும். கிழங்கு ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு துணியால் ஒற்றி எடுங்க. ஈரம் இருந்தால் பொரியாது, அவியும்.

எண்ணெய் சூடானதும் கிழங்கைப் பரப்பி, கொஞ்சம் உப்புப் போட்டு, ஐந்து நிமிஷம் கிளறாமல் விடுங்க. அடிப்பக்கம் பொன்னிறமானால் தானாகவே தாச்சியை விட்டுக் கழரும். பிரட்டிவிட்டு மூடி போட்டு, நெருப்பைக் குறைத்துப் பத்து நிமிஷம் வையுங்க. சில கிழங்கு உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும். குளிர்அறையில் நாள் கணக்கில் கிடந்த கிழங்கில் மாப்பொருள் சீனியாக மாறியிருக்கும், அதனால்தான். அப்படிக் கண்டால் நெருப்பை இன்னும் குறையுங்க.

மூடியைத் திறந்து, கிழங்கை ஓரமாக ஒதுக்கி, நடுவில் வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கினதும் சரிவாக வெட்டின சொசேஜ். வெள்ளைக்காரர் செய்கிற முறையில் சொசேஜ்தான் முதலில் தாச்சிக்குள் போகும். அவங்களுடையது பச்சை இறைச்சி, கொழுப்பும் கூட. அந்தக் கொழுப்பு உருகி அதிலேயே கிழங்கு பொரியும். நம்மட சிக்கன் சொசேஜ் ஏற்கெனவே அவித்தது. முதலில் போட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஓரம் சிவக்க நாலைந்து நிமிஷம் போதும்.

கடைசியில் கறிமிளகாய், செத்தல் மிளகாய், மிளகுத்தூள் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு நிமிஷம் பிரட்டி இறக்கி, தேசிக்காய் பிழிந்துவிடுங்க. சொசேஜில் உப்பு இருக்கு. ருசி பார்க்காமல் மேலதிகமாக உப்புப் போடாதீங்க. பாணோடு சாப்பிடலாம், தனியாகவும் சாப்பிடலாம். எங்கட உம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை. "இது என்ன மவள், தேத்தண்ணிக் கடிதானே? சோறு தின்னாமலா படுக்கப் போறீங்க?" என்பா.

ஒரு டீச்சராக இதையும் சொல்ல வேணும். இது கிழமைக்கு நாலு நாள் செய்கிற சாப்பாடு இல்லை. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் வகை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் அறிவித்தது. உப்பும் அதிகம். எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒன்று, இரண்டு தரம்தான். அன்றைக்கும் கிழங்கு கூட, சொசேஜ் குறைய.

அந்தப் புதுத் தாச்சி இப்போ புதுசு இல்லை, அடி கறுத்துவிட்டது. இன்றைக்கும் டீச்சர் வீட்டில் வேறு எதுவும் சமைக்காமல் ஆணியில் தொங்குது. டீச்சர் வெள்ளிக்கிழமையில் மரக்கறிதான். அதனால் என் குசினியிலும் மீனும் இறைச்சியும் படாத ஒரு சட்டி இருக்கு. அவங்க வந்தால் அதில்தான் சமைப்பேன். நாங்க இரண்டு பேரும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை.

அடுத்த தரம் விருந்துக்கு யாராவது வருவதாக இருந்தால், உங்களுக்கு வேண்டிய முத்திரையைப் பார்த்த கையோடு பக்கட்டைத் திருப்பி, அவங்களுக்கு எது ஆகாது என்றும் ஒருக்கா வாசித்துப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை.

செய்து பார்த்தவங்க கொமெண்டில் சொல்லுங்க. வத்தாளைக் கிழங்கில் யாராவது முயற்சி பண்ணினால், எனக்கும் அந்த முறையைச் சொல்லித் தாங்க.