25ஆம் வகுப்பின் சரக்குப் பட்டியல்

வெளிநாட்டில் டிரேட்மார்க் பதிய வரும் திருப்பூர் முதலாளிகள் முதலில் மேசையில் எடுத்து வைப்பது லோகோவைத்தான். எனக்கோ அவர்கள் பெட்டியில் என்ன போகிறது என்று தெரிய வேண்டும். பனியனா, ஜட்டியா, குழந்தைத் துணியா? சாக்ஸ் உண்டா, அடுத்த வருஷம் தொப்பி போடும் எண்ணம் உண்டா? பதிவு நாளைக்குக் காப்பாற்றுமா, கைவிடுமா என்பதைப் பெரும்பாலும் இந்தச் சரக்குப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. அதை எழுதும் வேலையில் எனக்குத் தீராத பிரியம்.

டிரேட்மார்க் பதிவுக்காகச் சரக்குகளையும் சேவைகளையும் பிரிக்கும் நைஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். உடை, காலணி, தொப்பி மூன்றும் 25ஆம் வகுப்பு. அதில் பதிந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றும். சீனாவில் அடங்காது. அங்கே வகுப்புக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு: உடுப்பு 2501, காலணி 2507, தொப்பி 2508, சாக்ஸ் 2509. வெவ்வேறு உட்பிரிவில் இருக்கும் சரக்குகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றே அதிகாரி பொதுவாக எடுத்துக்கொள்வார். டி-ஷர்ட் என்று மட்டும் எழுதியவரின் அதே பெயரை இன்னொருவர் சாக்ஸுக்குப் பதிந்துவிட முடியும். முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்பது அந்நாட்டு முறை. அதனால் சீனாவுக்குத் தாராளமாக எழுதுவேன். 3 ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்தால் யார் வேண்டுமானாலும் நீக்கக் கோரலாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அமெரிக்கா நேர் எதிர். ‘உடைகள்’ என்று பொதுவாக எழுதினால் ஏற்க மாட்டார்கள். சட்டை, டி-ஷர்ட், பைஜாமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அவற்றை விற்கும் உண்மையான எண்ணம் இருப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும். பதிவாகி 5 ஆண்டு முடிந்து 6 முடிவதற்குள், பயன்பாட்டில் இருக்கிறது என்று ஆதாரத்தோடு மறுபடி சொல்ல வேண்டும். விற்காத சரக்கை விற்பதாகச் சொன்னால் பதிவே ஆட்டம் காணும். அங்கே சிக்கனமாக எழுதுவதுதான் பலம்.

2013 ஜூலை 8 முதல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் இருக்கிறது. இங்கே கொடுத்த விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து, ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச அலுவலகம் வழியாக ஒரே மனுவில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். ஆனால் இங்கே எழுதாத சரக்கு அங்கே போகாது. நாட்டுக்கு நாடு பட்டியலைக் குறுக்கலாம், விரிக்க முடியாது. 5 ஆண்டுக்குள் இங்குள்ள விண்ணப்பம் விழுந்தால் சர்வதேசப் பதிவும் கூடவே விழும். ஆகவே கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்துக்குப் போகும் விண்ணப்பத்தை எழுதும்போதே ஷாங்காய் கடையும் நியூயார்க் கடையும் கண்முன் நிற்க வேண்டும். ‘ஆயத்த ஆடைகள் அனைத்தும்’ என்று ஒரே வரியில் முடித்த விண்ணப்பங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அத்தனை பேருடைய உழைப்பு அந்த ஒரு வரியை நம்பிக் கப்பலேறுகிறது.

சீனாவை மட்டும் நான் பெரும்பாலும் மாட்ரிட் வழியில் அனுப்புவதில்லை. அந்த வழியில் போனால் உட்பிரிவை அங்குள்ள அதிகாரியே முடிவு செய்வார். அங்குள்ள ஏஜெண்ட் மூலம் நேரடியாகப் போட்டால், அவர்களுடைய பட்டியலில் இருக்கும் சொற்களையே பொறுக்கி எழுதலாம். செலவு கூடும்தான். இந்தியாவில் போட்ட 6 மாதத்துக்குள் அங்கே போட்டுவிட்டால், பாரிஸ் உடன்படிக்கைப்படி இங்குள்ள தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம்.

பிறகு சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். மாட்ரிட் பதிவில் புது நாட்டைப் பிறகு சேர்க்கலாம். புதுச் சரக்கைச் சேர்க்க வழியில்லை. அதற்குப் புது விண்ணப்பம் வேண்டும், தேதியும் புதிதாகவே விழும்.