மடத்துக்குப் போன என் மகள்

2018-ஆம் வருஷம் மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மரச்சீனிக்கிழங்கு அவித்து, மீன் குழம்பு வைத்து, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். நர்ஸிங்கா, பி.காமா என்று எங்க வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். மூத்தவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் மடத்துக்குப் போறேன்பா" என்றாள்.

எங்கள் ஊர் தக்கலைப் பக்கம். இங்கே கத்தோலிக்கக் குடும்பங்களில் இது புதிய சங்கதி இல்லை. சொந்தத்தில் ஒரு சாமியாரோ சிஸ்டரோ இல்லாத வீடு குறைவு. அடுத்த வீட்டுப் பெண் போனபோது, "பாக்கியம் செய்த குடும்பம்" என்று நானே வாய் நிறையச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை சொன்னபோதோ வாயில் வைத்த கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

அவர் ஒன்றும் பேசாமல் கை கழுவப் போய்விட்டார். நான்தான் கத்தினேன். "ஒனக்கு இங்க என்ன மக்ளே கொற வச்சோம்?"

"கொற ஒண்ணும் இல்லம்மா. எனக்குத் தோணுது, அவ்வளவுதான்."

என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. என் சித்தி மகளும் இப்படித்தான் மடத்துக்குப் போனாள். 1997-இல், "எனக்கு இது ஒத்து வரல்ல" என்று திரும்பி வந்தாள். ஊர் என்ன பேசவில்லை? "வெரட்டி விட்டுட்டாவ" என்றார்கள். வந்த வரன்களெல்லாம் அதைக் கேட்டதும் திரும்பிப் போயின. மறு வருஷம் என் கல்யாணத்தில் அவளை முன்னால் நிறுத்த வேண்டாம் என்று சொன்ன கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்தப் பாவம் என் மகள் தலையில் விடிந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

என் பாட்டி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அவள் முளகுமூடு மடத்தில் லேஸ் பின்னப் படித்தவள். 'ரேந்தை' என்றுதான் சொல்லுவாள். அந்த மடத்தின் கதை பெரிய கதை. 1897 நவம்பரில், இந்தப் பகுதி திருவிதாங்கூராக இருந்த காலத்தில், மதர் மேரி லூயிஸ் தெ மெஸ்டர் என்ற பெல்ஜியம் நாட்டுத் துறவி ஓர் இளம் துணைச் சகோதரியுடன் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 40. பாஷை தெரியாது, வெயில் பழக்கமில்லை. அநாதைப் பிள்ளைகளை வளர்த்தார்கள், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள், பெண்களுக்குக் கைத்தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே முளைத்ததுதான் ஐ.சி.எம். சபை. 1910-இல் பிலிப்பைன்ஸுக்கும், அப்புறம் வேறு பல நாடுகளுக்கும் பரவியது. பாட்டிக்குச் சொந்தமாகக் கையில் காசு பார்க்க வைத்தது அந்த ரேந்தைதான்.

என் மகள் கேட்டது வேறொரு சபை. ஒரு நாள் நானே அந்த மடத்துக்குப் போய், அங்கிருந்த பெரிய சிஸ்டரிடம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் காப்பி கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "இன்னைக்கு வந்து நாளைக்கே கன்னியாஸ்திரி ஆயிட முடியாதும்மா. நாங்களும் பாக்கணும், அவளும் பாக்கணும்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். முதலில் சில காலம் மடத்தோடு தங்கிப் பார்ப்பது. அதன் பிறகு நோவிஸ் ஆவது. அதற்குக் குறைந்தது 17 வயது முடிந்திருக்க வேண்டும். நவத்துறவகத்தில் 12 மாதமாவது இருந்தாக வேண்டும். சாதாரணமாக இரண்டு வருஷத்துக்கு மேல் போகாது. அப்புறம் முதல் வார்த்தைப்பாடு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றையும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஏற்பது. இப்படி மூன்று முதல் ஆறு வருஷம் வரை. தேவைப்பட்டால் ஒன்பது வருஷம் வரை நீட்டலாம். அதற்கும் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தில் இவ்வளவும் இருக்கிறதாம். நோவிஸாக இருப்பவள் எந்த நாளும் வீட்டுக்குப் புறப்படலாம். பயமுறுத்தியோ, கட்டாயப்படுத்தியோ, ஏமாற்றியோ வாங்கிய வார்த்தைப்பாடு செல்லாது.

இத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. 'உள்ளே போனால் போனதுதான்' என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு தகரப் பெட்டியோடும், நான் செய்து கொடுத்த முந்திரிக்கொத்தோடும் போனாள். பஸ் திரும்பும் வரை சிரித்துக்கொண்டிருந்த அவர், வீட்டுக்கு வந்து ரப்பர் தோட்டத்துப் பக்கம் போய் வெகு நேரம் நின்றார்.

அவர்கள் சொன்ன நாட்களில் போய்ப் பார்ப்போம். விடியுமுன் மணி அடித்தால் எழ வேண்டும். ஜெபம், தியானம், பூசை. அப்புறம் சமையல், தோட்டம், படிப்பு. இரவு ஜெபத்துக்குப் பிறகு பேச்சு கிடையாது. வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காதவள், அங்கே ஐம்பது பேருக்குக் குழம்பு கூட்டினாள். ஆந்திராப் பிள்ளைக்குக் காரம் போதாது, ஜார்க்கண்ட் பிள்ளைக்குத் தேங்காய் பிடிக்காது. "எல்லாருக்கும் பிடிச்ச மாதிரி ஒரு நாளும் வைக்க முடியல்லம்மா" என்று சிரிப்பாள். பெற்றவள் கண்ணுக்கு அது சிரிப்பு மாதிரி தெரியவில்லை.

ஒரு தடவை அவளுக்கு நல்ல வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அது வேறொரு பிள்ளை கையில் இருந்தது! சுருக்கென்றது எனக்கு. "அவளுக்குப் பரீட்சை, வாட்ச் இல்ல. இங்க என்னது ஒன்னதுன்னு கெடயாதும்மா" என்றாள். ஏழ்மை என்ற வார்த்தைக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது.

2022-இல், நோவிஸாக இரண்டாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. குரலே சரியில்லை. "எனக்கு இது சரியா வருமான்னு தெரியல்லம்மா. திரும்பி வந்தா ஊர் என்ன சொல்லும்?"

எனக்குக் கை நடுங்கியது. சித்தி மகள் முகம்தான் கண் முன்னால் வந்தது. அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தையை என் மகளிடம் சொன்னேன். "ஊர் சொல்லட்டும் மக்ளே. ஒன் தட்டு அலமாரியிலதான் இருக்கு. இருக்கணும்னு தோணினா இரு, வரணும்னு தோணினா வா. அப்பா வந்து கூட்டிட்டு வருவா."

மறுநாள் நேராகச் சித்தி மகள் வீட்டுக்குப் போனேன். பிந்தித்தான் கல்யாணமானாலும் நல்லபடியாக இருக்கிறாள்; தையல் சொல்லிக் கொடுக்கிறாள். விஷயத்தைச் சொல்லி, அந்தப் பழைய தப்புக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் துணியை மடித்துக்கொண்டே, "அன்னைக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமான தண்டனை.

என் மகள் வரவில்லை. 2023-இல் முதல் வார்த்தைப்பாடு எடுத்தாள். "வீட்டுக்கு வரலாம்னு ஆன பெறகுதான் இங்க இருக்க மனசு தெளிஞ்சது" என்றாள். இப்போது நர்ஸிங் படிக்கிறாள். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. என்ன ஆகும் என்று நான் கேட்பதில்லை.

இதைப் படிக்கும் தாய்மாருக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். பிள்ளை மடத்துக்குப் போகிறேன் என்றால் உடனே தடுக்கவும் வேண்டாம், ஊரெல்லாம் பெருமையடிக்கவும் வேண்டாம். பெருமையடித்த வீட்டுக்குத் திரும்பி வருவதுதான் பிள்ளைக்குக் கஷ்டம். சபையைப் பற்றி நேரில் போய் விசாரியுங்கள். என்ன படிக்க வைப்பார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சபையை விட்டு வருகிறவள் அங்கே செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது; நியாயத்தோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. படிப்பு ஒன்றுதான் கூட வரும்.

மடம் என்று இல்லை, கட்டிக் கொடுத்த மகளுக்கும் இதுதானே! "வாழ்ந்தாலும் செத்தாலும் அங்கேதான்" என்று அனுப்பி எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம்?

என் மகளின் தட்டை மாதம் ஒரு தடவை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, இருந்த இடத்திலேயே வைக்கிறேன்.